எதிர்ப்பக்கம் பேசுகிற ஞாயிறு

விற்க வேண்டும் என்கிறவர் வைத்திருக்கச் சொல்லிப் பேச வேண்டும். வைத்திருக்க வேண்டும் என்கிறவர் விற்கச் சொல்லிப் பேச வேண்டும். இரண்டுமில்லாத மூன்றாமவர் கேட்டுவிட்டு முடிவு சொல்ல வேண்டும். முடிவுக்கு மேல் பேச்சு கிடையாது. கூடப்பிறந்த அந்த மூன்று பேருக்குள் இருந்த சட்டம் இதுதான்.

சட்டத்தைப் போட்டவள் பெரியவள். வங்கிக்காக வீடுகளை மதிப்பிடுவது அவள் தொழில். யாராவது வீட்டுக் கடன் கேட்டால், கேட்கிற விலைக்கு அந்த வீடு பெறுமா என்று நேரில் போய்ப் பார்த்து, சுவரைத் தட்டி, கூரையை அண்ணாந்து நோக்கி, அக்கம்பக்கத்து வாடகையை விசாரித்து எழுதிக் கொடுப்பாள். அடுத்தவன் நடுவன். கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்தினான். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் தவறுகளுக்கெல்லாம் பிரேக் மிதித்து மிதித்து, எதற்கும் பதறாத குணம் அவனுக்கு வந்திருந்தது. கடைசியானவள் பேக்கரிக்காரி. காதோரம் நரைத்த பிறகும் வீட்டில் அவள் சின்னவள்தான்.

பல வருடங்களுக்கு முன் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மூவரும் சேர்ந்து பங்குகள் வாங்கினார்கள். ஆறு கம்பெனிகள். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெரியவள் வீட்டில் கூடி, எதை வாங்கலாம் எதை விற்கலாம் என்று பேசுவார்கள். அப்படி ஒரு ஞாயிறு, ஒரு மருந்துக் கம்பெனியை வைத்து நடுவனுக்கும் சின்னவளுக்கும் வார்த்தை தடித்து, சின்னவள் கையிலிருந்த டீ கப்போடு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். கப் திரும்பி வர ஒரு வருடம் ஆயிற்று. வந்த அன்றுதான் பெரியவள் சட்டத்தைப் போட்டாள்.

"அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்களே பேசினா கழுத்து நரம்புதான் புடைக்குது. எதிர்ப்பக்கத்தைப் பேசிப் பாருங்க. கப்பாவது வீட்ல மிஞ்சும்."

சட்டம் நன்றாகவே ஓடியது. யாரும் கோபித்துக்கொள்ள வழியில்லை, ஏனென்றால் யாரும் தன் பேச்சைப் பேசவில்லை.

இப்போது வந்த ஞாயிறு வேறு மாதிரி. பங்குச் சந்தை ஒன்றரை வருடமாக மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு விலை பார்த்தார். நடுவனிடம் கார் பழக வந்தவர்கள் சிவப்பு விளக்கில் நின்றால் போனை எடுத்து விலை பார்த்தார்கள். இந்த ஏற்றத்துக்கு நியாயம் உண்டா, இல்லை ஊரே சேர்ந்து ஊதிய பலூனா என்று கேட்காத வீடில்லை.

சின்னவளுக்கு எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும். பேக்கரிக்குப் பக்கத்துக் கடை காலியாகியிருந்தது. நடுச்சுவரை இடித்து இரண்டாவது அடுப்பு போட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. நடுவனுக்கு எதுவானாலும் சரி. பெரியவள் மட்டும் விற்கக் கூடாது என்றாள்.

விற்கக் கூடாது என்பதற்கு அவள் வெளியே சொன்ன காரணங்கள் வேறு. உள்ளே இருந்தது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் வேலைக்கென்று வேறு வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, ஒரே நகரத்தில் இருந்தும் மூவரும் ஒரு மேசையில் உட்காருவது இந்த ஞாயிறுகளில்தான். நடுவன் போன் எடுப்பதே அபூர்வம். சின்னவள் எடுத்தால், "அக்கா, மாவு பொங்குது, அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் வந்ததில்லை. கணக்கை முடித்துவிட்டால் யாரும் வரமாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. வருவதற்கு ஒரு சாக்கு இருக்காது, அவ்வளவுதான்.

இதில் அவளுக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், தங்கள் பணத்தில் பெரும்பங்கு இருந்த குளிர்பெட்டி மோட்டார் கம்பெனியின் ஆண்டறிக்கையை வழக்கம்போல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். கடைசிப் பக்கங்களில் ஒன்றில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், அந்த வருட லாபத்தில் ஏறக்குறையப் பாதி பழைய தொழிற்சாலை நிலத்தை விற்றதால் வந்தது என்று போட்டிருந்தது. பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். வாடகை வருவது வேறு, கொல்லைப்புறத்தை விற்றுக் காசு பார்ப்பது வேறு. கொல்லைப்புறத்தை ஒருமுறைதான் விற்க முடியும். அந்த லாபத்தை வைத்துத்தான் ஊரே விலை போட்டுக்கொண்டிருந்தது.

சட்டப்படி அவள் விற்கச் சொல்லிப் பேச வேண்டியவள். அதற்கு இதைவிடக் கெட்டியான ஆயுதம் கிடையாது. ஆனால் விற்கக் கூடாது என்பதுதானே அவள் ஆசை! மற்ற இருவரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அறிக்கையை மூடி அலமாரியில் செருகிவிட்டுப் படுக்கப் போனாள்.

ஞாயிறு காலை சின்னவள் வெதுவெதுப்பான ரொட்டியோடு வந்தாள். நடுவன் ஒரு கையில் கார் சாவியைச் சுழற்றியபடி வந்து, நடுவர் நாற்காலி என்று அவர்கள் வைத்திருந்த, கைப்பிடி உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஆரம்பிங்க. பதினோரு மணிக்கு ஒரு அம்மா ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்க வர்றாங்க. அவங்க வீட்டு கேட் பொழைக்கணும்."

"நான் விக்கணும்ங்கறவ. அதனால வெச்சிருக்கணும்னு பேசறேன்," என்று சின்னவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஜனங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. பேங்க்ல போட்டா இப்ப என்ன தர்றான்? முன்ன குடுத்ததுல பாதி. அப்ப அதே லாபம் சம்பாதிக்கற கம்பெனிக்கு முன்னவிடக் கூட விலை குடுக்கத்தானே செய்வாங்க? வேற எங்க கொண்டு போய்ப் போடுவாங்க, தலகாணிக்குள்ளயா?"

"தலகாணி இந்த வருஷம் விழல," என்றான் நடுவன்.

"குறுக்க பேசாத, நீ நடுவர். ரெண்டாவது, நம்ம ஆறு கம்பெனில நாலு கடனை அடைச்சுட்டாங்க. கடன் இருக்கற கடையும் கடன் இல்லாத கடையும் ஒரே விலையா போகும்? மூணாவது..." என்று தொடங்கியவள் நேரம் போவது தெரியாமல் பேசினாள். மாவு விலை இறங்கினால் தன் லாபம் எப்படிக் கூடுகிறதோ அப்படித்தான் அவர்களுக்கும் மூலப்பொருள் விலை இறங்கியிருக்கிறது என்றாள். புது ஆலைகள் அடுத்த வருடம்தான் ஓடத் தொடங்கும், விலை அதையும் சேர்த்துப் பார்க்கிறது என்றாள். தனக்கு எதிராகத் தனக்குத் தெரிந்த அத்தனையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"விட்டா இன்னும் நாலு கம்பெனி வாங்கிடுவ போலிருக்கே," என்றான் நடுவன்.

அடுத்துப் பெரியவள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கம்பெனிக்கு லாபம் மாதிரி வீட்டுக்கு வாடகை. ஒரு வீடு. பதினஞ்சு வருஷ வாடகையைச் சேர்த்தா அதோட விலை வருதுன்னு வெச்சுக்கோ. சரியான விலை, நானே கையெழுத்துப் போடுவேன். இப்ப அதே வீடு. வாடகை கொஞ்சம்தான் கூடியிருக்கு. ஆனா முப்பது வருஷ வாடகையை விலையா கேக்கறான். மேல குடுக்கற அந்தப் பதினஞ்சு வருஷத்துக்கு நாம எதை வாங்கறோம்? சுவரா, கூரையா? வெறும் நம்பிக்கை."

"பெயின்ட் அடிச்ச நம்பிக்கையா, அடிக்காததா?"

"டேய்!"

"இல்லக்கா, வட்டி குறைஞ்சா வீட்டு விலையும் ஏறும்ல?" என்று சின்னவள் மடக்கினாள்.

"ஏறும். இருபது வருஷ வாடகை வரைக்கும் ஒத்துக்கலாம். இருபத்திரண்டுன்னா பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒத்துக்கலாம். முப்பது கிடையாது."

"புது ஆலை ஓடினா?"

"ஓடட்டும். ஓடினப்புறம் விலை குடுக்கலாம். கட்டாத மாடிக்கு யாராவது வாடகை வாங்குவாங்களா?"

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அடுத்து வர வேண்டியது மோட்டார் கம்பெனியின் நிலம். அது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. டீயைக் குடித்து உள்ளே தள்ளினாள்.

"அவ்வளவுதானாக்கா?" என்றான் நடுவன்.

"அவ்வளவுதான்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு ரொட்டித் துண்டை டீயில் தோய்த்து மெதுவாக மென்றான்.

"சின்னவ பேசினது கெட்டியா இருக்கு. ஏற்றத்துக்கு நியாயம் இருக்கு. வெச்சிருப்போம். முடிஞ்சுது."

சின்னவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"என் கடைக்கு நானே பூட்டு போட்டுட்டேன் பாரு." மேசையில் சிந்தியிருந்த துகள்களை உள்ளங்கையால் ஓரமாகக் கூட்டினாள். "சரி. கடைக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். செருப்புக்கடைக்காரன் ஒருத்தன் நடையா நடந்துட்டிருக்கான். அவனாவது எடுத்துக்கட்டும்."

கெஞ்சவில்லை. இன்னொரு தரம் யோசியுங்கள் என்று கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான் என்று எழுந்து கப்புகளை அடுக்கினாள். அதுதான் பெரியவளால் தாங்க முடியாமல் போயிற்று. ஆசைப்பட்டதற்கு எதிராக ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் பேசித் தோற்றவள் சின்னவள். ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு ஜெயித்தவள் பெரியவள். முப்பது வருடமாக ஒரு வீட்டின் விரிசலைக்கூட அறிக்கையில் எழுதாமல் விட்டவளில்லை அவள்.

"இரு. ஒண்ணு விட்டுட்டேன்."

நிலம் விற்ற கதையைச் சொன்னாள். கொல்லைப்புறக் காசைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மோட்டார் கம்பெனியின் விலை முப்பதல்ல, ஐம்பது வருட வாடகைக்கும் மேலே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். சின்னவள் கையிலிருந்த கப்புகளை மறுபடி மேசையில் வைத்தாள்.

"இது எப்பக்கா தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

நடுவன் சாவியை மேசையில் போட்டான். "எப்படா வரும்னு பார்த்துட்டிருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கெங்க தெரியும்? அந்தப் புத்தகத்தை நான் பிரிச்சதே இல்ல. நீ 'அவ்வளவுதான்'னு சொன்ன விதம் தெரியும். என்கிட்ட கத்துக்க வர்றவங்க பின்னாடி வர்ற வண்டியைக் கண்ணாடில பார்த்துட்டேன்னு சொல்வாங்க. பார்க்காதவங்கதான் ரொம்ப நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வாங்க."

"மறைக்கறேன்னு தெரிஞ்சுதான் தீர்ப்பு சொன்னியா, படுபாவி?"

"எல்லாத்துக்கும் நானே பிரேக் மிதிச்சா அவங்க எப்பக்கா கத்துக்கறது?"

சின்னவள் சிரிக்கவில்லை. "நீ ஏன் மறைச்சே? உனக்கென்ன அதுல?"

பெரியவள் ஆண்டறிக்கையைப் பற்றி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு. "வித்துட்டா அப்புறம் எதுக்கு இங்க வருவீங்க?"

நடுவன் மணி பார்ப்பதுபோல் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தான். அது நின்றுபோய் மாதக்கணக்காகிறது, அதுவும் உதவவில்லை.

"டீ குடிக்க வருவோம்," என்றாள் சின்னவள்.

"இந்த டீயைக் குடிக்கவா இவ்வளவு தூரம்?" என்றான் நடுவன்.

மூவரும் சிரித்தார்கள். ஆனால் வருவேன் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. பெரியவள் அதைக் கவனித்தாள். நடுவன் சட்டத்தை மீறித் தீர்ப்பை மாற்றிச் சொல்லிவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும் அம்மாவின் கேட்டைக் காப்பாற்றப் புறப்பட்டான். மறுநாளே எல்லாவற்றையும் விற்றார்கள்.

விற்ற வாரமே சந்தை இன்னும் ஏறியது.

சாயங்காலம், யாரோ ஒருவரின் படுக்கையறையில் பெரியவள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நடுவன்.

"அக்கா, கட்டாத மாடிக்கு மேல இன்னொரு மாடி கட்டிட்டான்."

"வை போனை."

மறுநாளும் அடித்தது. "மொட்டை மாடில நீச்சல் குளம் வந்திருக்காம்." அதற்கு மறுநாளும். சந்தை மூடியதும் அவனுக்கு வேறு வேலையே இல்லாததுபோல் தினமும் கூப்பிட்டான். வருடத்துக்கு நாலு தரம் பேசுகிற தம்பி தினமும் கூப்பிட்டுக் கேலி செய்ததில், விட்டுப்போன பணத்தைப் பற்றி அவளுக்குக் கவலைப்பட நேரமில்லை. ஒருநாள் அவளே அவனிடம் சொன்னாள்: "விலை நியாயமா இல்லையான்னுதான் நான் சொன்னேன். நாளைக்கே இறங்கும்னு சொன்னேனா? நியாயமில்லாத வாடகைக்கும் குடிவர ஆள் இருக்கற வரைக்கும் வீடு காலியாகாது."

சின்னவள் சுவரை இடித்துவிட்டாள். புது அடுப்பின் படத்தை அனுப்பினாள். முகத்திலும் படத்திலும் மாவு.

வழக்கமான ஞாயிறு வந்தது. சின்னவளுக்குக் கடையில் ஆள் வரவில்லை. நடுவனிடம் கார் பழகியவர்களுக்கு மறுநாள் ஓட்டுநர் தேர்வு, அன்று கடைசிப் பயிற்சி. பெரியவள் ஒரு கப் டீ போட்டு, நடுவர் நாற்காலியில் தானே உட்கார்ந்து குடித்தாள்.

அடுத்த புதன்கிழமை சந்தை விழுந்தது. லேசாக அல்ல, தடாலென்று. மோட்டார் கம்பெனி நிலத்தை விற்ற சங்கதி எல்லோர் வாயிலும் அடிபட்டது. வங்கியில் அவளோடு வேலை செய்பவர்கள் முன்பே விற்றுத் தப்பித்துவிட்டாய் என்று அவளுக்குக் கை கொடுத்தார்கள். அவள் மேசைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தை மூடும் நேரம் தாண்டியது. போன் அடிக்கவில்லை. வேலை முடிந்து படியிறங்கினாள். அடிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று அவளே கூப்பிட்டாள்.

"என்னடா, இன்னைக்கு உன்னைக் காணோம்?"

"எதுக்குக் கூப்பிடணும்? நீதான் ஜெயிச்சுட்டியே. நீ சிரிக்கறதைக் கேக்கவா?"

"ஒரு நாள் விழுந்துட்டா நான் ஜெயிச்சதா அர்த்தமா? அப்படின்னா ஏறின நாளெல்லாம் நான் தோத்தேனா? இன்னும் நியாயமான விலைக்கு வரலடா. சிலதுல அதைத் தாண்டியும் கீழ போயிருக்கலாம். பார்க்கணும்."

அந்தப் பக்கம் கார்க் கதவைச் சாத்துகிற சத்தம்.

"பாரு," என்றான்.

"தனியா எப்படிப் பார்க்கறது? ஞாயித்துக்கிழமை வா. சின்னவளையும் கடையை ஆள்கிட்ட விட்டுட்டு வரச் சொல்லு. ஏற்றம் நியாயம்தான்னு நான் பேசறேன். இல்லன்னு நீ பேசு. அவ தீர்ப்பு சொல்லட்டும்."

"அக்கா, அதுல நம்ம காசு ஒரு பைசா இல்லியே!"

"இல்லல்ல?" என்றாள் பெரியவள். வந்து நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "அப்பதான்டா யாரும் எதையும் முழுங்க மாட்டோம்."