முப்பத்தேழு டிகிரி

"பெட்டிக்குள்ள கைய விட்டா சுடுதே தம்பி" என்று மார்கரித் அக்கா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரியமாணிக்கம் காதில் வாங்கினால்தானே! "ஸ்கிரீனப் பாருங்க அக்கா, முப்பத்தேழு" என்று மூன்று நாளும் அதே பதில். சைகோனுக்கு வேலைக்கு வந்த காரைக்குடி இன்ஜினியர். அவன் எழுதிய புரோகிராம் தப்பாகுமா?

அக்காவின் அப்பா காரைக்கால்காரர். அவர் விட்டுப்போனது கொஞ்சம் தமிழும், பின் யுவோங் சாலையில் வாத்துக்குஞ்சு பொரிக்கும் இந்தக் கொட்டகையும். பழைய பெட்டி பழுதானதும் கரியமாணிக்கம்தான் வலிய வந்து புதுப்பெட்டி செய்து கொடுத்தான். உள்ளே அறுநூறு முட்டை. இந்த ஈடு பொரிக்காவிட்டால் அக்கா கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நான்காம் நாள் காலையில், அதாவது அடைவைத்த இருபத்தெட்டாம் நாள், குஞ்சுகள் ஓட்டைக் கொத்தியிருக்க வேண்டும். ஒன்றுகூடக் கொத்தவில்லை. அப்போதுதான் அவன் தன் புரோகிராமைத் திறந்தான். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான்.

கடைசி நாட்களில் குஞ்சுகளே சூட்டைக் கக்கும். அதனால் ஒரு டிகிரி குறைக்க ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தான். அதுவும் குறைத்தது, குறைத்ததைத் திரையில் காட்டியது. ஆனால் அதன் கையில் அவன் கொடுத்திருந்தது அந்த எண்ணின் வெறும் நகல். ஃபங்ஷன் முடிந்ததும் நகலும் போயிற்று. ஹீட்டர் பார்த்த மூல எண் முப்பத்தெட்டாகவே குத்துக்கல் மாதிரி நின்றது. குஞ்சுகளின் சூடும் அதன்மேல் ஏறிக்கொண்டே போனது. அந்த எண் இருக்கும் முகவரியைக் கொடுத்து, பாயின்டர் வழியாகப் போய் மூலத்தையே மாற்றியிருக்க வேண்டும். முதல் வருடப் பாடம்! பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் ஒரு முகவரிக் குறி &, ஃபங்ஷனுக்குள் அந்த முகவரிக்குப் போக ஒரு *. இரண்டு நிமிட வேலை. ஹீட்டர் அணைந்தது. திரையில் அதே முப்பத்தேழு.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. தட்டுகளை வெளியே இழுத்துச் சற்று ஆறவிட்டாள். பிறகு ஒவ்வொரு முட்டையாக மூடிய கண்ணிமைமேல் வைத்துப் பார்த்தாள். உயிருள்ளது சூட்டை விடாது, செத்தது ஆறிப்போகும். வைத்தாள், ஆறிப்போனதைக் கூடையில் போட்டாள். அடுத்ததும் கூடைக்குத்தான். கூடை நிறைந்தது.

"திட்டுங்க அக்கா. நாலு அறையாவது விடுங்க."

"நீ பாரு தம்பி. எனக்குக் கண்ணு நனைஞ்சுபோச்சு, ஒண்ணும் தெரியல."

அவன் ஒன்றை எடுத்து இமையில் வைத்தான். சில்லென்றிருந்தது. எடுக்க மனம் வரவில்லை, இன்னும் அழுத்திக்கொண்டான். மெல்ல மெல்ல வெதுவெதுப்பு ஏறியது. முட்டையின் சூடா, தன் கண்ணின் சூடா, அவனுக்குப் புரியவில்லை.

அக்கா கையை நீட்டினாள். "உசிரு இருக்கா?"

"இருங்க அக்கா" என்றான், கண்ணைத் திறக்காமல். "இன்னும் கொஞ்ச நேரம்."