ஈறுக்குள் இறுகிய சிமெண்ட்

அக்காவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு நிபுணர், பல்வேருக்குப் பதிலாக, தாடை எலும்பில் இம்பிளாண்ட் என்ற உலோகத் திருகைப் பதித்தார். அதன்மேல் செயற்கைப் பல்லை ஒட்டியது தம்பி. பதினெட்டு வருடமாகப் பல் மருத்துவமனை நடத்துகிறவன். சொந்தத் தம்பி இருக்கும்போது வேறு யாரிடம் போவது என்று அவள்தான் போனாள்.

ஆறே மாதத்தில் ஈறு வீங்கிச் சீழ் பிடித்தது. மூன்று தடவை போய்க் காட்டினாள். மூன்று தடவையும், "நீ ஒழுங்கா பல்லு தேய்க்கிறதில்லக்கா" என்று சொல்லி மாத்திரை எழுதினான். கணக்கு டீச்சரான அவள், வாய் நாற்றத்துக்குப் பயந்து கையால் வாயை மறைத்தபடி வகுப்பெடுத்தாள்.

கடைசியில் நிபுணரிடமே ஓடினாள். அவர் பல்லைக் கழற்றினார். ஒட்டுவதற்குத் தடவிய சிமெண்ட் ஈறுக்குள் பிதுங்கி, கல்லாக இறுகிக் கிடந்தது. சுற்றிலும் எலும்பு கரைந்திருந்தது. திருகையும் எடுத்துவிட்டார்.

வாயில் பஞ்சோடு நேரே தம்பியிடம் வந்தாள். சிமெண்ட் துண்டுகளை அவன் மேஜைமேல் கொட்டினாள்.

"இது என்னடா?"

அவன் முகம் வெளிறியது. "நான் படிச்சப்ப இது பாடத்துலயே இல்லக்கா. ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். படம் காட்டினாங்க, சாப்பாடு போட்டாங்க, சான்றிதழ் குடுத்தாங்க."

"தெரியலன்னு சொல்ல வாய் இல்லையா? அந்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"அவர் எனக்கு எட்டு வருஷம் ஜூனியர்."

அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "உன் கௌரவத்தைக் காப்பாத்த என் தாடைதான் கிடைச்சுதா?" வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஞ்சில் ரத்தம் ஊறியது. கத்தினால் வலித்தது. கத்தினாள். "இன்னும் எத்தனை பேருக்கு ஒட்டியிருக்க?"

"பதினொரு பேர்."

"ஒவ்வொருத்தரா கூப்பிடு. நான் தப்பு பண்ணியிருக்கலாம், வந்து எக்ஸ்ரே எடுங்கன்னு சொல்லு."

"பேர் கெட்டுடும்க்கா."

"கெடட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பதினோராவது அழைப்பு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அவர்களில் நான்கு பேருக்கு ஏற்கெனவே ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நிபுணர் சுத்தம் செய்து மூவரின் திருகைக் காப்பாற்றினார். நான்காமவருடையது போய்விட்டது.

தம்பி இப்போது வாரம் இரண்டு நாள் அந்த ஜூனியரிடம் போய் நின்று வேலை கற்றுக்கொள்கிறான் என்று அம்மா சொன்னாள்.

"நல்லது" என்றாள் அக்கா. தம்பியிடம் மட்டும் இன்னும் பேசவில்லை.