பக்கத்து வீட்டு வைஃபை

பிரான்சியும் பக்கத்து வீட்டு லிசியும் பேசிக்கொள்வதில்லை என்பது காட்டூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். காய்கறி வண்டிக்காரர்கூட ஒருத்தி வாங்கிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் அடுத்த வாசலில் குரல் கொடுப்பார். ஒருசந்தி நோன்பு இருக்கும் தவக்காலத்தில், தெருக்காரர்கள் கூடும் அன்பியம் ஜெபம் பிரான்சி வீட்டில் முடிந்து காபி கொடுத்தபோது, டம்ளரை எட்டிப் பார்த்த லிசி, "காபிப் பொடியும் ஒருசந்தி இருக்கு போல" என்று சொல்லிவிட்டாள். சிரித்தவர்களில் பிரான்சியின் வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜும் ஒருவர். அது தனி வழக்கு.

அந்த ஸ்டீபன்ராஜ்தான் ஞாயிறு பூசை முடிந்து வந்து கம்ப்யூட்டரைக் கிளறிக்கொண்டிருந்தார். பழைய நெட்டையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு அது தானாகவே எதிலாவது போய் ஒட்டிக்கொள்கிறதாம். பழைய வாடகை வீட்டு நெட், மச்சான் தொலைத்த போனின் ஹாட்ஸ்பாட் என்று, ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓடாததை மட்டும் எடுத்தார்.

"பிரான்சி, லிசி வீட்டு வைஃபையும் இதுல கெடக்கு. எடுத்துடவா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? எடுங்க."

"இரு, ஓடுதான்னு பாப்போம்." தட்டினார். "அட, ஓடுதே! பாஸ்வேர்ட மாத்தவே இல்ல."

வெங்காயம் உரித்த பிரான்சியின் கை நின்றது. சண்டைக்குப் பிறகு லிசி எதைத்தான் மாற்றவில்லை? கேட்டுக்குப் புதுப் பூட்டு. கோயிலில் உட்காரும் இடம். பிரான்சி எட்டிக் கிள்ளுகிற கறிவேப்பிலைக் கிளையைக்கூட வெட்டிவிட்டாள்.

"மறந்திருப்பா," என்றார் ஸ்டீபன்ராஜ்.

"யாரு, அவளா? நான் திருப்பிக் குடுக்காத டப்பாவ ஊருக்கே சொன்னவ."

அந்த வைஃபை இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்தது ஊரடங்கு சமயத்தில். மகளின் ஆன்லைன் பரீட்சை நடுவில் இவர்கள் நெட் படுத்துவிட்டது. பிரான்சி போட்ட கூச்சலில், முறுக்கு பிழிந்துகொண்டிருந்த லிசி மாவுக் கையோடு ஓடிவந்தாள். பாஸ்வேர்டைச் சொல்ல நேரமில்லை. தானே அடித்துவிட்டுப் போனாள். கீபோர்டில் காய்ந்த மாவைப் பிரான்சி ஊக்கால் சுரண்டி எடுத்தாள், திட்டிக்கொண்டே. சாயங்காலம் அந்த முறுக்கும் வந்தது, ஒரு எவர்சில்வர் டப்பாவில்.

"எடுத்துட்டா திரும்ப வராதா?" அக்கறையே இல்லாதவள் போலக் கேட்டாள்.

"வரும். பாஸ்வேர்ட் கேக்கும். நீதான் போய் அவகிட்ட கேக்கணும்."

இன்று சாயங்காலம் அன்பியம் ஜெபம் லிசி வீட்டில். தனக்குத் தலைவலி வரும் என்று பிரான்சி காலையிலேயே முடிவு செய்து வைத்திருந்தாள்.

"என்ன, எடுக்கவா வேணாமா?"

சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. ஸ்டீபன்ராஜ் எட்டிப் பார்த்தார். மேல் தட்டிலிருந்த லிசியின் எவர்சில்வர் டப்பா கீழே இறங்கியிருந்தது. உள்ளே கிடந்த உளுத்தம்பருப்பு முறத்துக்குப் போயிருந்தது. கழுவிய டப்பா, லிசி வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னலில் கவிழ்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரான்சி ஸ்டூல்மேல் ஏறி நின்று, அதன் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.