அதே தகுதியுள்ள இன்னொருவர்

சிங்கப்பூரில் அரசு அலுவலகம் ஒன்று புதிய கணினித் திட்டத்துக்கு டெண்டர் விட்டிருந்தது. அதை மதிப்பிடும் குழுவில் ஜெனிவீவ் இருந்தாள். போட்டியிட்ட ஒரு நிறுவனத்தின் தலைமை ஆலோசகர் அவளுடைய தோழி ஜோவன்னா. ஜெனிவீவ் அதை மறைக்கவில்லை.

"பரவாயில்ல. முடிவு வர்ற வரைக்கும் அவங்ககூட பேசாதீங்க," என்றார் குழுத் தலைவர் அர்ஃபான்.

பேசாதே என்றால் ஜெனிவீவ் பார்க்கவும் மாட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் தேக்கா சந்தையில் தேநீர் குடிப்பது வழக்கம். அதற்குப் பயந்து அவள் பிடோக் வட்டாரத்தில் வேறு தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினாள். ஒரு தே குடித்தால் டெண்டர் கெட்டுப்போகுமா என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஜோவன்னா அழைத்தபோதும் போனை எடுக்காமல், 'டெண்டர் முடியட்டும், பேசலாம்' என்று செய்தி மட்டும் அனுப்பினாள்.

'சரி லா, வெயிட் பண்றேன்' என்று பதில் வந்தது.

இன்று அந்த நிறுவனம், விதிப்படி, டெண்டர் இணையத்தளம் வழியாக எழுதியிருந்தது. தலைமை ஆலோசகர் ஜோவன்னா புற்றுநோயால் காலமானார். அவருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்க அனுமதி வேண்டும்.

கூட்டத்தில் அர்ஃபான் அதை வாசித்தார். அது ஜெனிவீவின் தோழியின் பெயர் என்பதை அவர் எப்போதோ மறந்திருந்தார்.

"மாத்தி வர்றவருக்கு அதே தகுதி இருக்கணும். ஜெனிவீவ், ரெண்டு ப்ரொஃபைலும் பாத்தீங்கல்ல? புது ஆள் ஈக்குவலா?"

இருவருக்கும் படிப்பு ஒன்றுதான். புதியவருக்கு அனுபவம் கொஞ்சம் கூடுதல்.

"ரூல்படி ஈக்குவல்தான் சார்," என்றவள், மேசைக்கடியில் போனைத் திறந்து 'சரி லா, வெயிட் பண்றேன்' என்ற கடைசிச் செய்தியைப் பார்த்தாள்.