சைவக்கடை வாசலில் நின்ற மான்

1.

இந்தக் கதை பசியில் பிறந்தது. என் பசியில்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் புஸ்பராணி அக்கா நடத்தும் சைவக்கடையில் தினமும் மதியம் சாப்பிடுகிறவன் நான். போன வாரம் சோறு போடுவதற்கு முன்பே ஒரு வேலையைத் தந்தார்.

“தம்பி, நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே? எனக்கு ஒண்டு எழுதித் தாங்கோ.”

ஏன் கேட்டார் என்பதைச் சொல்கிறேன்.

2.

தொடக்கம் ஒன்று: ‘கடலின் மேலே சூரியன் மெல்ல’ — வேண்டாம். இது உச்சிவெயிலில் நடந்தது.

தொடக்கம் இரண்டு: ‘கடை வாசலில் ஒரு மான் நின்றது.’ இது போதும். (வெளியூர் வாசகருக்கு: எங்கள் நகரத்தில் மான்கள் ஆடுமாடு மாதிரி வீதியில் திரியும். இந்த மான் அக்கா போடும் கோவா இலைக்காக வருவது. கோவா என்றால் முட்டைக்கோஸ்.)

அதைத் துவாரகன் படம் எடுத்தார். ‘திருமலை உடனடி’ என்ற செய்திப் பக்கத்தைப் போனிலேயே நடத்துகிறவர்.* படத்தின் கீழே பகிடியாக எழுதினார்: ‘இன்றைய மதியச் சாப்பாடு தானாகவே நடந்து வந்துவிட்டது!’

பகிடி மூதூருக்குப் போகும்போதே செய்தியாகிவிட்டது. புல்மோட்டைக்குப் போய்த் திரும்பியபோது மான்கறிக்கு விலையும் போட்டிருந்தார்கள். முட்டைகூட நுழையாத கடை அது! வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. முன்பு செய்திக்கு நிருபர், ஆசிரியர், பேப்பர் போடுகிறவர் என்று பலர் வேண்டும். இப்போது ஒரு கட்டைவிரல் போதும். அக்காவின் கதிரைகள் காலியாகின.

* ‘பொறுப்பில்லாமல் நடத்துகிறவர்’ என்றுதான் முதலில் எழுதினேன். அவரும் அதே கடையில்தான் சாப்பிடுகிறார். எடுத்துவிட்டேன்.

3.

துவாரகன் மறுப்புப் போட்டார். நேரில் வந்து மன்னிப்பும் கேட்டார். மறுப்புக்கு விழுந்த லைக் இரண்டு. ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது.

“உண்மையை ஏன் தம்பி ஒருத்தரும் ஷெயர் பண்ணீனமில்லை?” என்றார் அக்கா.

“மறுப்பில மான் இல்லையே அக்கா!”

அக்கா யோசித்தார். “அப்ப கதையாப் போடுவம். மானும் நிக்கட்டும்.”

4.

இந்த இடத்தில் ‘வெறும் பானையைப் பார்த்துப் புஸ்பராணி கண்ணீர் விட்டார்’ என்று எழுதி, அக்காவுக்கு வட்சப்பில் அனுப்பினேன். குரல்பதிவு வந்தது. பின்னால் மோர்மிளகாய் பொரிகிற சத்தம்.

“நான் எப்ப அழுதனான்? பெரிய பானையைக் கவிட்டு வைச்சிட்டுச் சின்னப் பானையில சமைக்கிறன், அவ்வளவுதான். அழுகையை வெட்டுங்கோ.”

வெட்டிவிட்டேன். அந்தக் கவிழ்ந்த பானையைப் பார்த்து அழுகை வந்தது எனக்குத்தான். அதை வெட்டமாட்டேன்.

5.

முடிவு அ: மான் கோவா இலை தின்பதை நேரலையில் பார்த்து ஊரே திருந்துகிறது. (நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: கடையை மூடுகிறார்கள், அதன் பிறகு — இல்லை. பிறகு நான் எங்கே சாப்பிடுவது?

முடிவு இ: இன்று காலை, இதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். துவாரகன் இன்றே அதே மான் படத்துடன் இதைத் தன் பக்கத்தில் போடுகிறார். அக்கா எழுந்துபோய்ப் பெரிய பானையை நிமிர்த்திக் கழுவினார்.

“நாளைக்கு இதிலதான் சோறு.”

“ஒருத்தரும் வராட்டில் என்ன செய்யிறது அக்கா?”

“நீங்கள்தானே எழுதினனீங்கள்? உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?”

 இனி இந்தக் கதையை முடிக்க என்னால் ஏலாது, நீங்கள்தான் முடிக்க வேண்டும். லைக் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் அதனால் பானை காலியாகாது. நாளை கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மோர்மிளகாய். மதியம் இலை போடுவார்கள்.

(வாசலில் மான் நின்றால், கொஞ்சம் ஒதுங்கி உள்ளே வாருங்கள்.)