படகில் இரண்டாம் ஷிப்ட்

கடலைப் பார்க்கவே ஒரு நாள் பயணம் போகவேண்டிய உத்தனப்பள்ளியில், ஒரு தக்காளி மண்டியின் பின்கொட்டகையில்தான் அப்பாஸ் அந்தப் பாய்மரப் படகைக் கட்டினான். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்னா பாய், ஏரியில விடறதுக்கா? மொதல்ல ஏரியில தண்ணி வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் சிரித்துக்கொள்வான். ஓசூர் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக மெஷின் ஓட்டிய கை. எடுத்ததை முடிக்காமல் விடாது. தை பிறந்ததும் கொச்சியில் படகை இறக்கினான். வடகிழக்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசாவை நோக்கித் தன்னந்தனியாகக் கிளம்பிவிட்டான்.

அவன் மனைவி தில்ஷாத் சூளகிரியில் வாடகை வீட்டில் இருந்தாள். அவளுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை, இன்ஸ்பெக்‌ஷனில். படகைப் பற்றி அவளுக்குக் கிடைத்தவை இரண்டு: தினமும் பகலில் வரும் சாட்டிலைட் போன், செல்போன் வரைபடத்தில் படகு போகிற வழியைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள்.

முதலில் எல்லாம் வீட்டுப் பேச்சுதான். விடிந்ததும் தளத்தில் விழுந்து கிடக்கும் பறக்கும் மீன்களைப் பொறுக்கிப் பொரித்ததைச் சொல்வான். அரிசியைக் கடல்தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் வேகவைப்பதைச் சொல்வான். துணி காய்ந்தாலும் உப்பு காயமாட்டேன் என்கிறது என்பான். கப்பல் ஏதும் மோத வருகிறதா என்று பார்க்க, அலாரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்குவான். காற்றுக்குத் தக்கபடி சுக்கானைத் தானே திருப்பும் கருவி ஒன்று இருந்ததால் அந்தத் தூக்கமாவது கிடைத்தது.

அந்தக் கருவி ஒருநாள் உடைந்தது. அதற்குப்பின் சுக்கான் கட்டையை அவனே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. நாளுக்கு நாள் அவன் குரல் குழறிக்கொண்டே வந்தது. பிறகு ஒருநாள் திடீரென்று தெளிவாகப் பேசினான். தில்ஷாத்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நல்லாத் தூங்கினேன் தில்ஷா. ஒரு ஷிப்ட் நேரம் முழுசா."

"அப்ப சுக்கானை யாருங்க புடிச்சது?"

"ஹேண்ட்ஓவர் குடுத்துட்டுப் படுத்தேன்."

அவர்கள் தொழிற்சாலையில் அதற்கு ஒரு முறை உண்டு. சைரன் ஊதிவிட்டது என்பதற்காக யாரும் மெஷினை விட்டுப் போய்விட முடியாது. அடுத்த ஆள், அதாவது ரிலீவர், வரவேண்டும். மெஷின் இருக்கிற நிலைமையை அவனிடம் சொல்லவேண்டும். அவன் கை வைத்து, "எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் மெஷின் அவனுடையது. கொடுத்தவன் பிறகு அதைத் தொடக்கூடாது.

"தமாஷுக்குத்தான் சொன்னேன்" என்றான் அப்பாஸ். "காத்து இப்படி, பாய்ல தையல் விட்டிருக்கு, பாத்துக்கன்னு. 'எடுத்துக்கிட்டேன்'னு கேட்டுச்சு."

"தூக்கக் கலக்கமுங்க."

"இருக்கும். ஆனா படகு கோடு போட்டாப்பல போயிருக்குது."

மறுநாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது.

"டீ கலக்கறீங்களா?"

"நான் இல்ல" என்றான், ரொம்பச் சாதாரணமாக.

அதன்பின் சிவப்புப் புள்ளிகள் தெற்கே வளையத் தொடங்கின. தில்ஷாத் வரைபடத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அந்தப் பக்கம் கரையே இல்லை. தென்துருவப் பனிக்கட்டி வரைக்கும் வெறும் நீலம்தான். வேலைக்குக் கிளம்புமுன் மொட்டைமாடியில் நின்று போனை எடுத்தாள்.

"தெக்க போறீங்க. சுக்கானைத் திருப்புங்க!"

"நான் குடுத்துட்டேனே தில்ஷா. அவன் திருப்பித் தரணும் இல்ல? கேட்டா, 'நீ என் ரிலீவர் இல்ல'ங்கறான். முறையை மீறிக் கையும் வெச்சுப் பாத்தேன். கட்டை திரும்புது, படகு திரும்பல."

"தண்ணி எவ்வளவு இருக்கு?"

"ஒரு கேன்."

யா அல்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் பேசுகிற குரலில், "போனை அவன்கிட்ட குடுங்க" என்றாள்.

போன் கைமாறியது. அதுவரை பின்னால் அடித்துக்கொண்டிருந்த அலைச்சத்தம் சுத்தமாக நின்றுபோயிற்று.

"சொல்லுங்க மேடம்." தினமும் மெஷின் ஓரங்களில் அவள் கேட்கிற மாதிரியான குரல்தான். யாருடையது என்றுதான் தெரியவில்லை.

"அடுத்த ஷிப்ட்டுக்கு நான் வந்திருக்கேன். ஹேண்ட்ஓவர் குடுங்க."

"லேட்டு."

"பஸ் லேட்டுங்க."

"காத்து வடகிழக்கு, கொறைஞ்சுகினு வருது. பெரிய பாய்ல கீழ்த்தையல் விட்டிருக்கு. தண்ணி ஒரு கேன். உள்ள ஒருத்தர் இருக்கார், பேசிகினே இருப்பார், கண்டுக்காதீங்க. எடுத்துக்கிட்டீங்களா?"

கை வைக்க வேறெதுவும் இல்லை. வெயிலில் காய்ந்திருந்த கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தாள். "எடுத்துக்கிட்டேன்."

சுவர் குளிர்ந்தது. கயிற்றில் கட்டிய மாடு இழுப்பதுபோல அவள் கையை இடப்பக்கமாக இழுத்தது.

"தில்ஷா!" அப்பாஸ் அலறினான். அலைச்சத்தம் திரும்ப வந்துவிட்டிருந்தது. "அவனைக் காணோம்! கட்டை தானா அசையுது..."

"நான்தாங்க. இப்ப உங்களுக்குக் குடுக்கறேன், எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. காத்து வடகிழக்கு..."

இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், மணியே போகவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துச் சுவரை வலப்பக்கம் தள்ளினாள். அடுத்து விழுந்த புள்ளி மேற்கே கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஒரு மூச்சு விட்டுக் கையைத் தளர்த்தினாள். அதற்கடுத்த புள்ளி மறுபடி தெற்கே போயிற்று.

கீழே ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அதே ஷிப்ட்டுக்குப் போகிற கீழ்வீட்டு ஜோதிமணி மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தாள்.

"என்னாக்கா, செவுத்தைத் தள்ளிகினு நிக்கறே? ஓனரம்மா பாத்தா வாடகை ஏத்திடும். வா, பஸ் நிக்குது."

"நீ போ ஜோதி. என்னால வர முடியாது."

"ஒடம்பு சரியில்லியா? தள்ளு, நான் புடிச்சுக்கறேன், நீ செத்த உக்காரு."

ஜோதிமணியின் கை சுவரை நோக்கி நீண்டது. 'எடுத்துக்கிட்டேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாரம் கைமாறிவிடும். கடலைக் கண்ணால்கூடப் பார்த்திராத பெண். தில்ஷாத் தோளால் அவளை இடித்து ஒதுக்கினாள்.

"கை வெக்காதே! அவரு போன் பண்ற வரைக்கும் இது என் ஷிப்ட்டு."