துடைப்பம் முன்னால்

அந்த ஆலையில் புதிதாகச் சேருகிறவர் கையில் முதலில் கொடுப்பது துடைப்பம்தான். பெருக்குவதற்கல்ல. ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது; புகை இல்லை, வாசனை இல்லை. குழாயில் கசிவு என்று மணி அடித்தால், நீளக் கைப்பிடி போட்ட புல் துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி அடிமேல் அடி வைத்துப் போக வேண்டும். நுனி பற்றிக்கொண்டால் நெருப்பு அங்கே நிற்கிறது என்று அர்த்தம். கோடிகளைக் கொட்டிக் கட்டிய ஆலைக்குத் துடைப்பம் காவல் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அங்கே வேலை பார்த்த ஓர் ஆபரேட்டரின் மச்சானுக்கும் வந்தது. மனைவியின் அண்ணன் அவர். இருவருக்கும் ஒரே ஷிப்ட். மணி அடித்த அன்று, மாப்பிள்ளையைப் பெருக்க விட்டுவிட்டார்களே என்று எங்கம்மா அழுதுவிடுவாள் எனக் கேலி பேசிக்கொண்டே வெறுங்கையோடு முன்னால் போனார். ஆபரேட்டர் துடைப்பத்தோடு பின்னால் வந்தான், சிரித்துக்கொண்டே. உச்சி வெயில். எதிரே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததில் மச்சானின் சட்டை பற்றியது.

காரியமெல்லாம் முடிந்தபின் அவன் ஒரு துடைப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். குளியலறைக்குப் போனாலும் அது முன்னால் போகும். வேலை முடிந்து வரும்போது மகள் வாசலுக்கு ஓடி வருவாள். "நில்லு" என்று அதட்டுவான். இடையில் உள்ள காற்றையெல்லாம் துழாவிப் பார்த்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவான். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே பொறாமை. வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தைத் தூக்கும் புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று புலம்பினாள். மனைவி அதற்குச் சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணனைப் பறிகொடுத்தவள் அவள். எவ்வளவோ பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கண்ணனைத் தின்ன நெருப்பு அங்கயே கிடக்கட்டும். அதை வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க. நாளைக்கும் அந்தத் துடைப்பம் உள்ள வந்துச்சுன்னா, பிள்ளையைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

இவர்களும் போய்விட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று அவன் இரவெல்லாம் யோசித்தான். விடிந்ததும் துடைப்பத்தை எடுத்துப் போய் ஆலையிலேயே போட்டான்.

அன்று பொழுது சாயுமுன் வெறுங்கையோடு வந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசலைத் தாண்டினான். ஒன்றும் ஆகவில்லை. கூடத்தில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மனைவியின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

மகள் ஓடி வரவில்லை. அவனை உற்றுப் பார்த்தாள். அடுக்களைக்குள் போய், தன்னைவிட உயரமான வீட்டுத் துடைப்பத்தை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நில்லுப்பா," என்றாள்.

துடைப்பத்தை முன்னால் நீட்டி, அடிமேல் அடி வைத்து வந்தாள். நுனி அவன் மார்பில் பட்டது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். பிள்ளை நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனிடம் அல்ல, அம்மாவிடம் சொன்னாள்.

"அப்பா இன்னும் பத்திக்கல."